உருகி வெளுத்த காசு

அத்தியாயம் 17

கல்யாண வீட்டுக்காரர் மழை பெய்யக்கூடாது என்று நேர்ந்துகொள்வார்கள். உடுவில் வீட்டில் நிவேதனா நேர்ந்துகொண்டது வேறு. இன்று ஒரு நாளைக்கு மட்டும் பெரியண்ணை ஜெயதீபனின் கை எழும்பக்கூடாது. மருதனார்மடத்து ஆஞ்சநேயருக்கு வடைமாலைகூடச் சொல்லிவைத்திருந்தாள்.

அந்தக் கையை நீங்கள் அறிவீர்கள். கடைக்கு முன்னால் ஆட்டோவை நிறுத்தினான் என்று போன கிழமை சந்தியில் வைத்து ஒரு மனுசனின் மூக்கை உடைத்த கை. ஐப்பசியில் நிவேதனாவின் மணிக்கட்டை முறுக்கி அவளை ஆசுபத்திரிக்கு அனுப்பிய கை. தகப்பன் செத்த பிறகு இந்த வீட்டில் சட்டமும் அதுதான், பொலிசும் அதுதான். ஜெயதீபனுக்குக் கதைக்கத் தெரியாது என்றில்லை. கை முந்திவிடும், வாய் பின்னால் வந்து அதற்குக் காரணம் சொல்லும்.

பெண்ணின் தகப்பன் கதிரவேலு இதெல்லாம் கேள்விப்பட்டவர்தான். இளையவன் செந்தூரனின் குணத்தைப் பார்த்துச் சம்மதித்தார். சம்மதிக்கும்போது தாய் இரத்தினம்மாவிடம் ஒரு சொல் சொல்லியிருந்தார்.

"அக்கா, எங்கடை ஆக்களுக்கு முன்னாலை உங்கடை மூத்தவர் ஒருதருக்கெண்டாலும் கை நீட்டினால், அதோடை சம்பந்தம் முடிஞ்சுது."

சம்பந்தம் முறிந்தால் செந்தூரனுக்கு வேறு பெண் கிடைப்பாள். நிவேதனாவுக்கும் தாய்க்கும்தான் வேறு வழி கிடைக்காது. தாலி கட்டியதும் செந்தூரன் கோண்டாவிலில் உள்ள சீதன வீட்டுக்குப் போய்விடுவான். மணப்பெண் கோபிகா நிவேதனாவுக்கு இரகசியமாகப் போன் எடுத்துச் சொல்லியிருந்தாள். "நீரும் மாமியும் எங்களோடை வந்து இருங்கோ. பின்னறை சும்மாதான் கிடக்கு. உள்ளுக்குத் தாழ்ப்பாளும் இருக்கு."

தங்கச்சி இருக்க அண்ணன் கட்டுகிறானே என்று ஊர் வாய்க்கு வந்தபடி கதைத்தபோதும் இரத்தினம்மா அசையாமல் நின்றது அந்தப் பின்னறைக்காகத்தான். மற்றப் பெண்பிள்ளைகள் மாப்பிள்ளையைக் கனவு காணும் வயதில் நிவேதனா ஒரு தாழ்ப்பாளைக் கனவு கண்டாள். சிரிக்காதீர்கள், அந்த வீட்டில் ஒரு நாள் இருந்து பார்த்தால் தெரியும்.

இன்று பொன்னுருக்கு. பத்தர் மாப்பிள்ளை வீட்டுக்கு வந்து, இரண்டு பகுதியாரும் பார்த்திருக்க, தாலிக்கான பொன்காசை உருக்குகிற நாள். இரத்தினம்மா தாலி இழந்தவள். சடங்கில் முகம் காட்டக்கூடாதென்று குசினிக்குள்ளேயே இருந்தாள். முன் விறாந்தையில் எல்லாவற்றையும் எடுத்து வைப்பது நிவேதனாவின் பொறுப்பு.

ஜெயதீபன் கடையிலிருந்து வந்து மோட்டார் சைக்கிளை நிறுத்தினான். தம்பியின் பொன்னுருக்கு நாளிலும் கடையை ஒரு தரம் திறந்து மூடாவிட்டால் அவனுக்குச் சரிவராது. கையில் கடைச் சில்லறை நிறைந்த சாக்குத்துணிப் பை. பத்து ரூபாய், ஐந்து ரூபாய்க் குற்றிகள் முட்டிக்கொண்டு கிடந்த அந்தப் பையை அவன் யாரிடமும் கொடுக்கமாட்டான். வந்தவன் தாம்பாளத்தைப் பார்த்தான். வெற்றிலை காம்பு மாறிக் கிடந்ததாம். தங்கச்சியின் பின்கழுத்தைப் பிடித்து, சிரித்த முகத்தோடு, தாம்பாளத்தின்மேல் குனியவைத்தான்.

"கண் தெரியுதோ?"

"தெரியுது அண்ணை."

"அப்ப ஒழுங்கா வை."

வாசலில் வான் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. கழுத்திலிருந்த கை அந்தக் கணமே கும்பிடு போடப் போய்விட்டது. "வாங்கோ மாமா, வாங்கோ. உதிலை இருங்கோ." இதைவிட மரியாதை தெரிந்த மனுசன் வலிகாமத்திலேயே இல்லை என்றுதான் பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

கதிரவேலு இருந்தார். அவர் தமக்கையும் மற்றவர்களும் பாயில் இருந்தார்கள். விறாந்தையின் நடுவில் கனகசபாபதிப் பத்தர் சிரட்டைக்கரி அடுப்பை மூட்டித் துருத்தியை ஊதிக்கொண்டிருந்தார். தணலுக்குள் பொன் உருக்கும் மண்மூசை சிவந்துகொண்டு வந்தது. செந்தூரன் குளித்து, பட்டு வேட்டி கட்டி, பலகையில் இருந்தான்.

காசுகளைப் பற்றிப் போன கிழமையே சொன்னோம். கனடாவில் இருக்கும் இரத்தினம்மாவின் தம்பி சோமசேகரம், அந்த நாட்டு அரச நாணயச்சாலையில் ஒரே அச்சில் அடித்த இரண்டு காசுகளை அனுப்பியிருந்தார். ஒரு பக்கம் அரசனின் தலை, மறுபக்கம் இலை. சிவப்புப் பெட்டிக்குள் இருந்தது முழுப்பொன், தாலிக்கு. நீலப் பெட்டிக்குள் இருந்தது வெள்ளியில் அடித்துப் பொன்முலாம் பூசியது. சின்ன வயதிலிருந்தே காசு சேர்க்கிற செந்தூரனுக்கு. கடை தெருவில் கைமாறுவதற்கல்ல, வைத்துப் பார்ப்பதற்கென்றே அடிக்கிற காசுகள். ஒருவரின் கையும் படக்கூடாதென்று பிளாஸ்டிக் சிமிழில் அடைத்து விற்கிறார்கள். கை படாமல் ஒன்றும் தப்பாத வீட்டுக்கு அவை வந்து சேர்ந்தன.

சிவப்புப் பெட்டியை ஜெயதீபன் திறந்தான். செந்தூரன் காசை எடுத்து, வெற்றிலையில் வைத்துப் பத்தரிடம் கொடுத்தான். கொடுக்கும்போது அவன் புருவம் சுருங்கியது. பத்தரும் காசை உள்ளங்கையில் வைத்துச் சற்றே நிறுத்தினார்.

"தம்பி, இது..."

"கனடாச் சாமான். நேரம் போகுது, போடுங்கோ" என்றான் ஜெயதீபன்.

அந்தக் குரலுக்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் எதுவும் கேட்பதில்லை. செந்தூரன் குனிந்துகொண்டான். பத்தர் காசை மூசைக்குள் விட்டார்.

துருத்தி ஊதியது. அரசனின் தலை முதலில் கரைந்தது, பிறகு இலை. நிவேதனா கும்பிட்டபடி பார்த்துக்கொண்டு நின்றாள். மஞ்சள் நிறம் மேலே ஒரு தோல்போலச் சுருங்கி ஓடி மறைந்தது. மூசைக்குள் உருண்டு ஆடியது வெள்ளையாக இருந்தது. பால்போல வெள்ளை.

தாலிக்கு உருக்கிய பொன் வெளுத்தால் அதற்கு என்ன கருத்து என்று அங்கே யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. கதிரவேலுவின் தமக்கை மட்டும் தன்னுடைய தாலிக்கொடியைச் சேலைக்குள் இழுத்து மறைத்தாள்.

முதல் அடி பத்தரின் செவிட்டில் விழுந்தது.

"கள்ள நாயே! மாத்திப்போட்டியோ? எல்லாரும் பாக்கப் பாக்க மாத்திப்போட்டியோ?"

"தம்பி, நான் அப்பவே சொல்ல வந்தனான். பாரம் காணாது எண்டு..."

"வாயைப் பொத்து! எங்கை எங்கடை பவுண்?"

இரண்டாவது அடியில் பத்தரின் வாய் கிழிந்து இரத்தம் வேட்டியில் சொட்டியது. ஜெயதீபன் அவருடைய வலது கையைப் பிடித்தான். விரல்களை விரித்துத் தேடினான், ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாத கோபத்தில் அந்தக் கையைத் தணலில் வைத்து அழுத்தினான்.

அந்த மனுசன் போட்ட சத்தம் பின்வளவு வரைக்கும் கேட்டது. ஆட்கள் பாய்ந்து பிடித்து இழுத்தார்கள். இழுத்தவர்களில் ஒருவர் அவன் முழங்கை பட்டுத் தூணோடு போய் விழுந்தார். பத்தர் வலது கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவரோடு சரிந்தார். தாலி செய்கிற கை அது.

"ஜெயதீபன்!" கதிரவேலு எழும்பிவிட்டார். "கையை எடும். நான் சொன்னது ஞாபகம் இருக்கோ?"

நிவேதனாவுக்கு அந்தச் சத்தங்கள் எங்கேயோ தூரத்தில் கேட்டன. அவள் கண்ணுக்கு முன்னால் வெள்ளிக்கிழமை பின்னேரம் நின்றது.

தாய்தான் சொன்னாள். "பிளாஸ்டிக்கோடை சாமிக்கு வைக்கேலாது பிள்ளை. ரெண்டையும் கழட்டி மஞ்சள் தண்ணியிலை கழுவி, சந்தனம் பூசி வை. செந்தூரன்ரை காசும் சாமியின்ரை காலடியிலை கொஞ்ச நேரம் இருக்கட்டுமன்." நாணயச்சாலைக்காரர் தலையில் அடித்துக்கொள்ளக்கூடிய வேலை. ஆனால் எங்கள் வீடுகளில் கழுவிச் சந்தனம் வைக்காமல் எதைத்தான் சாமிக்கு முன்னால் வைத்தோம்? விளக்கின் முன்னால் இரண்டும் ஒரே தட்டில், ஒரே மஞ்சளில் இருந்தன. துடைத்துப் பெட்டியில் வைக்கும் நேரம் பார்த்து விறாந்தையிலிருந்து ஜெயதீபன் கத்தினான். "தேத்தண்ணி கேட்டனான், செவிடே?" அந்தக் குரலுக்கு அவள் உடம்பு நடுங்கிப் பழகியது. கைக்கு வந்த காசைக் கைக்கு வந்த பெட்டியில் போட்டு மூடிவிட்டு ஓடினாள். ஒன்று மற்றதைவிடக் கனத்தது. அதை அவள் அப்போது கவனித்தாள், அடுத்த கணமே மறந்தும் போனாள்.

சொன்னால் தனக்கு விழும். சொல்லாவிட்டால் பத்தருக்கு விழும். நிவேதனா நல்லவள்தான்; ஆனால் அந்த இடத்தில் ஒரு மூச்சு நேரம் பேசாமல் நின்றாள். அந்த ஒரு மூச்சுக்குள் ஜெயதீபனின் கால் பத்தரின் விலாவில் இறங்கியது.

"அண்ணை, விடுங்கோ! அவர் எடுக்கேல்லை!" ஓடிப்போய் நடுவில் விழுந்தாள். "நான்தான் மாத்திப்போட்டன். சாமிக்கு வைக்கேக்கை பெட்டி மாறிப்போச்சுது. பவுண் நீலப் பெட்டிக்கை இருக்கு. பொறுங்கோ, இப்ப எடுத்துக்கொண்டு வாறன்!"

கன்னத்தில் விழுந்தது. அவள் அதை எதிர்பார்த்தபடியால் விழாமல் நின்றாள். நிற்கிற பழக்கமும் ஒரு பழக்கம்தான். அவளுக்கு அப்போது கன்னம் பெரிதாகத் தெரியவில்லை. நீலப் பெட்டி வந்துவிட்டால் போதும். பொன்னை உருக்கலாம், சுபநேரம் இன்னும் இருக்கிறது, கதிரவேலு மாமாவின் காலில் விழுந்தாவது நிறுத்தலாம். அறைக்குள் ஓடி அலுமாரியைத் திறந்தாள்.

சேலைகளைத் தள்ளினாள். காப்புப் பெட்டியை எடுத்து வெளியே வைத்தாள். செந்தூரனின் பழைய காசுகள் அடுக்கிய தகரப்பெட்டி இருந்தது. நீலப் பெட்டி இல்லை.

வெறுங்கையோடு அவள் திரும்பி வந்ததை எல்லோரும் பார்த்தார்கள்.

"எங்கை?" ஜெயதீபன் மெதுவாகத்தான் கேட்டான். அவன் மெதுவாகக் கேட்கும்போதுதான் பயப்பட வேணும்.

"அங்கை இல்லை அண்ணை."

"வித்திட்டியோ? ஆருக்கு வித்தனி?"

கை அவள் தொண்டையைப் பிடித்தது. கால் நிலத்தை விட்டு எழும்பியது. விறாந்தையின் கூரை அவளுக்குக் கறுத்துக்கொண்டு வந்தது. குசினிக்குள் இருந்த இரத்தினம்மா சடங்கையும் மறந்து ஓடிவந்து மூத்தவனின் முதுகில் அடித்தாள். பிறகு அவன் காலைக் கட்டிக்கொண்டாள். அவன் காலை உதறினான். தாய் குத்துவிளக்கோடு போய் மோதி விழ, எண்ணெய் நிலமெல்லாம் ஓடியது.

"அவளை விடு!" செந்தூரன் பலகையிலிருந்து எழும்பியிருந்தான். பிறந்ததிலிருந்து அண்ணனை எதிர்த்துக் குரல் உயர்த்தாத பிள்ளை. "அவளுக்கு ஒண்டும் தெரியாது. நீலப் பெட்டியை நான்தான் எடுத்தனான். நேற்று யாழ்ப்பாணம் பஸ் ஸ்ராண்டிலை வைச்சு லவீனாட்டைக் குடுத்திட்டன்."

தொண்டையிலிருந்த பிடி விட்டது. நிவேதனா நிலத்தில் விழுந்து இருமினாள்.

லவீனா யார் என்று பெண் வீட்டாருக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். செந்தூரனோடு கம்பஸில் படித்தவள். அவளைத்தான் கட்டுவேன் என்று போன வருசம் செந்தூரன் வாய் திறந்தபோது, ஜெயதீபன் அவள் வீட்டுக்குப் போய்த் தகப்பனைப் படலைக்கு வெளியே இழுத்துப்போட்டு அடித்தான். இனியும் அந்த மனுசனுக்கு அடி வாங்கிக் கொடுக்கக்கூடாதென்றுதான் செந்தூரன் அவளை விட்டது.

"கடைசியாய் ஒருக்கா சந்திச்சனான்" என்றான் செந்தூரன். இப்போது அவன் கதிரவேலுவைப் பார்த்துத்தான் சொன்னான். "ஞாபகத்துக்கு என்ரை காசைக் குடுத்தன் மாமா. முலாம் பூசின காசு எண்டுதான் குடுத்தன். பெட்டியைத் திறந்துகூடப் பாக்கேல்லை. சத்தியமா வேற ஒண்டும் இல்லை."

கதிரவேலு முகத்தைத் திருப்பிக்கொண்டார். தன் மகளின் கழுத்துக்கு வந்த பொன் இன்னொருத்தியின் கையில் இருக்கிறது. அதைக் கொடுத்தவன் மாப்பிள்ளை.

ஜெயதீபன் கதிரையில் கிடந்த சில்லறைப் பையை எடுத்தான். இரண்டு கையாலும் வாயை முறுக்கிப் பிடித்து, சுழற்றி, தம்பியின் தலையைப் பார்த்து அடித்தான்.

செந்தூரன் விலகியதால் அடி தோளில் விழுந்தது. எலும்பு முறிகிற சத்தம் நிவேதனாவுக்குக் கேட்டது. அடுத்த அடி நெற்றியைக் கிழித்தது. மூன்றாவது அடியில் பை கிழிந்தது. ஊரெல்லாம் கைமாறித் தேய்ந்த பத்து ரூபாய்க் குற்றிகளும் ஐந்து ரூபாய்க் குற்றிகளும் விறாந்தை முழுவதும் சிதறி, எண்ணெயிலும் இரத்தத்திலும் உருண்டு படிகளில் விழுந்தன. பட்டு வேட்டியோடு செந்தூரன் அவற்றுக்கு நடுவில் கிடந்தான்.

"எழும்புங்கோ, போவம்" என்றார் கதிரவேலு தன் ஆட்களிடம். பெண்கள் செருப்பைக்கூடத் தேடாமல் வானுக்கு ஓடினார்கள். அவர் மட்டும் படலையடியில் திரும்பி நின்றார். போகவும் முடியவில்லை, உள்ளே வரவும் முடியவில்லை.

கோண்டாவில் பின்னறையின் கதவு தன் முகத்துக்கு நேரே சாத்தப்படுவதை நிவேதனா பார்த்தாள். அழுகை வரவில்லை. தன்மேல்தான் வெறுப்பு வந்தது. பிறகு, ஒரு தேத்தண்ணிக்காகக் கத்திய குரல் ஞாபகம் வந்தது, வெறுப்பு இடம் மாறியது.

அந்த நேரம் பார்த்துச் செந்தூரனின் போன் அடித்தது. நிலத்தில் எண்ணெயில் கிடந்த போனை ஜெயதீபன் குனிந்து எடுத்துக் காதில் வைத்தான். ஒன்றும் பேசாமல் கேட்டான். அந்தப் பக்கம் ஒரு பெண்குரல் பேசியது பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்டது.

"செந்தூரன், நீர் தந்தது முலாம் காசில்லைப் போல கிடக்கு. வலுவாய்க் கனக்குது. மாறித் தந்திட்டீர் எண்டு நினைக்கிறன். இண்டைக்குப் பொன்னுருக்கெல்லோ, அதுதான் நானே கொண்டு வாறன். மருதனார்மடம் தாண்டிட்டன்."

ஜெயதீபன் போனைத் தூணில் அடித்தான். தேங்காய் உடைக்க வைத்திருந்த கத்தியை எடுத்தான்.

"வரட்டும்" என்றான். "தேப்பனுக்குக் குடுத்தது காணாது."

செந்தூரன் எழும்பப் பார்த்தான். தோள் இடம் கொடுக்கவில்லை. ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கத்தி வைத்திருக்கிறவனைப் பிடிக்க யார் போவது?

நிவேதனா போனாள். பத்தரின் நீண்ட இரும்புக் குறடை எடுத்தாள். தணலுக்குள் இருந்த மூசையைப் பிடித்துத் தூக்கினாள். மண் சிவப்பாக எரிந்தது. உள்ளே வெள்ளி இன்னும் ஆடியது. வாசற்படிக்கும் அண்ணனுக்கும் நடுவில் போய் நின்றாள்.

"படியாலை இறங்கினால் மூஞ்சியிலை ஊத்துவன்."

"ஆருக்குச் சொல்லுறாய்?"

"உனக்குத்தான்."

அண்ணனை நீ என்று அவள் சொன்னது அன்றைக்குத்தான். ஜெயதீபனுக்கும் அது விளங்கியது. ஒரு அடி முன்னுக்கு வந்தான். மூசை அவன் முகத்துக்கு நேரே உயர்ந்தது. கை இறங்கவில்லை. அவன் கண்கள் அந்தச் சிவப்பைப் பார்த்தன. பின்னுக்கு ஒரு அடி வைத்தான்.

வாழ்க்கையில் முதல்தடவையாக அவன் பின்னுக்குப் போவதை அவள் பார்த்தாள். சந்தோசப்பட முதலே அவன் சிரித்தான். கதிரையை இழுத்து, கத்தியை மடியில் வைத்துக்கொண்டு, காலுக்குமேல் கால் போட்டு இருந்தான்.

"எவ்வளவு நேரம் பிடிப்பாய்? அது ஆறுமட்டும்தானே உன்ரை வீரம்? ஆறட்டும். அவளும் வந்து சேரட்டும். ரெண்டு பேருக்கும் சேத்துத் தாறன்."

உண்மைதான். மூசையின் சிவப்பு ஓரத்திலிருந்து கறுத்துக்கொண்டு வந்தது. வெள்ளியின்மேல் ஆடை படர்ந்தது. அவன் அவசரப்படவில்லை. நெருப்பு ஆறும் என்று தெரிந்தவன் ஏன் அவசரப்படுவான்?

சுவரோடு கிடந்த கனகசபாபதிப் பத்தர் அசைந்தார். வெந்த வலது கையை நெஞ்சோடு அணைத்தபடி, முழங்காலால் ஊர்ந்து ஊர்ந்து அடுப்படிக்கு வந்தார். இடது கையால் துருத்தியைப் பிடித்தார்.

"இஞ்சை வை, பிள்ளை" என்றார். வாயிலிருந்து இரத்தம் வழிந்துகொண்டிருந்தது. "குறட்டிலை பிடியை விடாதை. பிடிச்சபடியே தணலுக்கை வை. நான் ஊதுறன்."

அவள் வைத்தாள். துருத்தி ஊதியது. ஆனால் தணல் தணிந்து சாம்பல் பூத்திருந்தது. ஊதிய காற்றுக்குச் சாம்பல்தான் பறந்தது. ஜெயதீபன் மறுபடியும் சிரித்தான்.

வெளியே ஒழுங்கையில் ஸ்கூட்டி ஒன்று வந்து படலையடியில் நின்றது. ஜெயதீபன் கத்தியை எடுத்துக்கொண்டு கதிரையை விட்டு எழும்பினான்.

எப்போது எழும்பி உள்ளே போனாளோ, குசினிப் பக்கமிருந்து இரத்தினம்மா வந்தாள். தலை கலைந்து, சேலை எல்லாம் எண்ணெய். மூத்தவன் அடிக்கும்போதெல்லாம் 'பொறு பிள்ளை, பொறு' என்று மட்டும் சொல்லத் தெரிந்த தாய். இடுப்பில் சிரட்டைக்கரிக் கடகம். மகனின் முகத்தைப் பார்க்காமல் அவனைக் கடந்து வந்து, கடகத்தை அப்படியே அடுப்பில் கவிழ்த்தாள்.

"ஊதுங்கோ பத்தர்" என்றாள்.